பின்சக்கரத்துக் கல்

என் வண்டியில் சிவப்பு முக்கோணம் ஒன்று இருந்தது. வழியில் வண்டி நின்றுபோனால், பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்படி தள்ளிக் கொண்டுபோய் வைக்க வேண்டிய முக்கோணம். நான் அதை ஒருநாளும் ரோட்டில் வைத்ததில்லை. வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோகும்போது சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டுவேன். இன்ஸ்பெக்டர் தலையாட்டுவார். மறுபடி அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் ஹாசன் பக்கத்தில் எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். முக்கோணம் ஆபீசருக்கு, கல் ரோட்டுக்கு.

கல் என்றால் கையில் கிடைக்கிற கல். மலை ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுப்போம். ஹேண்ட்பிரேக்கை நம்புகிறவன் லாரி ஓட்டியதில்லை என்று அர்த்தம். கிளம்பும்போது வண்டி ஓரடி முன்னால் நகர்ந்ததும் கிளீனர் அந்தக் கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டு, பாடியில் இரண்டு தட்டு தட்டி, ஓடிவந்து ஏறிக்கொள்வான். தட்டு கேட்டால்தான் நான் இரண்டாவது கியர் போடுவேன். பத்தொன்பது வருஷம் அந்த இரண்டு தட்டையும் எனக்குத் தட்டியவன் பூவப்பா.

என்னைவிட நாலைந்து வயது சின்னவன். ஷிராடி மலைக்குக் கீழே, பாக்குத் தோட்டங்களுக்கு நடுவில் அவன் ஊர். லைசென்ஸ் எடுடா என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். “நீ ஒருத்தன் ஓட்டுறதைப் பார்த்தே எனக்கு வயித்தைக் கலக்குது, நான் வேற ஓட்டணுமா மாராயா?” என்பான். மாராயா என்றால் அவன் ஊர்ப் பக்கத்தில் ‘ஐயா’ மாதிரி. ஆனால் பலா மரத்தில் அவனே ஒரு ஆப்புக்கட்டை செதுக்கி, அதற்குக் கயிறு கட்டி, வண்டியின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தான். அதிலிருந்து நாங்கள் கல் தேடுவதை விட்டோம்.

இந்த ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம் என்று என்னை மேடை ஏற்றினார்கள். இருபத்தாறு வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியவன் என்று சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து நாலு விதிகளை ஒப்பித்துவிட்டு, “ஒரு கோழிகூட என் வண்டியில அடிபட்டதில்லை” என்று பெருமை அடித்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து பூவப்பா கை வலிக்கத் தட்டினான். வெளியே வந்ததும், “கடிகாரத்துல பாதி எனக்குண்ணா. முள்ளை நீ வச்சுக்க, டப்பாவை எனக்குக் குடு” என்றான். அவன் பெயரை மேடையில் ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உகாதி முடிந்த வாரம் ஓனர் கூப்பிட்டார். “இப்பல்லாம் எல்லா வண்டியும் சிங்கிள் டிரைவர்தான் ஜவரேகௌடா. தனியா சமாளிப்பியா? உனக்கும் படி கூட்டித் தரேன்” என்றார். பூவப்பா வெளியே தார்ப்பாய்க்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல் திறந்திருந்தது. அவனுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

“சமாளிக்கலாம்” என்றேன்.

பூவப்பா முடிச்சை முழுதாகப் போட்டுவிட்டு கேபினில் ஏறினான். போர்வையையும் பையையும் எடுத்துக்கொண்டான். பிறகு பக்கவாட்டில் தொங்கிய ஆப்புக்கட்டையை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கட்டையைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போகிறான் பார், போகட்டும், நாட்டில் கல்லுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஆத்திரத்தில் புதிதாக ஒரு கட்டை செய்துகொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு நாலு மாசம் வண்டியில் நான் ஒருவன். வீட்டுக்குப் போனாலும் நான் ஒருவன்தான். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் பெங்களூரில் இருந்து தினமும் காலையில் போனுக்கு ஒரு பூ படம் அனுப்புவான், அதோடு சரி. வண்டியில் பக்கத்து சீட்டு காலியாக ஆடிக்கொண்டே வரும். வளைவில் “இடது பக்கம் பாருடா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் நானே எட்டிப் பார்ப்பேன். தனியாக ஓட்டுவது கைக்குப் பழகிவிட்டது, வாய்க்குப் பழகவில்லை.

ஆடி மாதம், மங்களூரில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு காலையில் மலை ஏறினேன். மழை விடாமல் பெய்தது. கெம்புஹொளே தாண்டி மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. வண்டியைப் பாதி ரோட்டிலேயே நிறுத்தி, ஓடையோரம் கிடந்த கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு வைத்தேன். முக்கோணம் ஞாபகத்துக்கே வரவில்லை. தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, ஏறி உட்கார்ந்தேன். அதற்குள் பின்னால் ஒரு பஸ்காரன் கையை எடுக்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். “இருடா, உன் மாமனார் வீட்டு விருந்தா ஆறிப்போகுது?” என்று திட்டிக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

சக்லேஷ்புரத்தில் வழக்கமான டீக்கடை. கடைக்காரரிடம் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு டீ வந்தது.

“எதுக்கு ரெண்டு?”

“நீங்கதானே கௌட்ரே ரெண்டு விரல் காட்டினீங்க? பூவண்ணன் திரும்ப வந்துட்டார் போல, கை கழுவிட்டு வருவார்னு நெனச்சேன்.”

பூவப்பா எப்போதும் டீக்குக் கடைசியாகத்தான் வருவான். அவன் கையில் சேறு இருக்கும். குழாயடியில் நின்று நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிளாசைத் தொடுவான். நான் குழாயைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்லை யார் எடுத்தது?

யாரும் எடுக்கவில்லை. வளைவு முடிகிற இடம், மழை, எதிரே வருகிறவன் போட்ட வெளிச்சம் கண்ணில் கூசும். கார் என்றால் அடிபட்டுத் தப்பித்துவிடும். இரண்டு சக்கர வண்டி என்றால் என்ன ஆகும் என்று இருபத்தாறு வருஷத்தில் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

போலீசுக்குப் போன் அடித்திருக்க வேண்டும். அடித்தால் வண்டி நம்பர் கேட்பார்கள் என்று பயந்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பயந்துதான் போனேன். போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அந்த வளைவுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மனுஷன் ஒருவன்தான் இருந்தான். நாலு மாசமாக நான் தொடாத நம்பர் அது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

“பூவப்பா, நான் ஜவரேகௌடா.”

“தெரியுது. பேர் வருது.”

“கெம்புஹொளே தாண்டி மூணாவது வளைவு. தண்ணி கொதிச்சுதுன்னு நிறுத்தினேன். கல்லு...”

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேல் அவன் குரல் வந்தது.

“எடுக்கலியா?”

“மறந்துட்டேன்டா.”

“ஓரத்துலயா, நடுவுலயா?”

“நடுவுல.”

போனை வைத்துவிட்டான். நான் டீக்குக் காசு வைத்துவிட்டு ஓடினேன். இரண்டு டீயும் அப்படியே இருந்தன.

லோடு வண்டியைத் திருப்பி மலை இறங்கினேன். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். மனசு பறக்கிறது என்பதற்காக வண்டியைப் பறக்கவிட முடியாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இன்னொரு விபத்துக்கு நானே ஏற்பாடு செய்ததாகிவிடும். மாடு நடக்கிற வேகத்தில் இறங்கிக்கொண்டே பூவப்பாவுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். அவன் எடுக்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்து, “எடுடா, எடுத்துத் தொலைடா” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரம் கிடையாது.

மூன்றாவது வளைவில் கல் ரோட்டில் இல்லை. தடுப்புச் சுவரோரம் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நீல ஸ்கூட்டர் முன்சக்கரம் கோணி சாய்ந்து கிடந்தது. ரோட்டில் கண்ணாடித் தூள் இருந்தது.

கொஞ்சம் கீழே தார்ப்பாய் கட்டிச் சோளம் சுடுகிறவர் ஒருவர் நின்றிருந்தார். ஜன்னல் வழியே கேட்டேன்.

“அங்கன்வாடி டீச்சர் விழுந்துட்டாங்கண்ணா. ஹெல்மெட் போட்டிருந்தாங்க, உயிர் தப்பிச்சுது. தோள்பட்டை போச்சு. எவனோ லாரிக்காரன் கல்லை வச்சுட்டுப் போயிட்டான், அவன் கையில புழு வைக்க. ஆனா கிளீனரைப் பிடிச்சுட்டோம்.”

“எந்த கிளீனர்?”

“அந்த லாரி கிளீனர்தான். டீச்சரைக் கார்ல ஏத்தி அனுப்பினப்புறம் பார்த்தா, ஒருத்தன் கல்லை உருட்டிட்டிருக்கான். உன் கல்லாடான்னு கேட்டோம். ‘ஆமா, நம்ம வண்டிக் கல்லு’ன்னான். எவ்வளவு திமிர் பாருங்க! ரெண்டு சாத்து சாத்தி ஸ்டேஷன்ல விட்டுட்டாங்க.”

நம்ம வண்டி. நாலு மாசம் முன்னால் போர்வையோடு துரத்தப்பட்டவன், நம்ம வண்டி என்றிருக்கிறான்.

நான் நல்லவன் போல உடனே ஸ்டேஷனுக்குப் பாய்ந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பூவப்பாவிடம் லைசென்ஸ் இல்லை, பறிக்க ஒன்றுமில்லை. திட்டி, எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவார்கள். எங்கள் தொழிலில் கல் என்றால் கிளீனர் தலையில்தான் விடியும், அதுதான் வழக்கம். எனக்கோ லைசென்ஸ் போனால் ஐம்பத்து நாலு வயதில் வேறு என்ன தெரியும்? கடிகாரம், சால்வை, கோழி என்று எல்லாம் ஞாபகம் வந்தது. அப்புறம் ஓனர் அறையின் அந்தத் திறந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு என்ன சம்பாதித்தேன் என்று அந்தக் காலி சீட்டே காட்டிக்கொண்டிருந்தது. கியரைப் போட்டேன்.

கீழே பாலம் தாண்டி ரோடு மறுபடி மேலேறுகிற இடத்தில் ஸ்டேஷன். வண்டியை எதிரே நிறுத்திவிட்டு ஓடினேன். பூவப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. கையில் சேறு காய்ந்திருந்தது. யாரும் அவனைக் கழுவ விடவில்லை போலிருக்கிறது.

சப்-இன்ஸ்பெக்டரிடம் நேராகப் போய், “சார், அந்தக் கல் என்னோடது” என்றேன்.

அவர் அவனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இவன் தன்னுதுங்கறான், நீ உன்னுதுங்கற. என்னய்யா, வைரக் கல்லா?”

“வண்டி நான் ஓட்டினது சார். கல்லை நான் வச்சேன். நான்தான் எடுக்கல.”

“அப்ப இவன்?”

“இவன் வண்டியிலயே இல்ல சார். எடுக்கச் சொல்லி நான்தான் போன் பண்ணினேன்.”

“வண்டியில வேற யாரு இருந்தா?”

“யாரும் இல்ல சார். நாலு மாசமா யாரும் இல்ல.”

அவர் பேனாவை எடுத்தார். முக்கோணம் வைத்தாயா, வண்டியை ஓரம் கட்டினாயா, கிளம்பும்போது இறங்கிப் பார்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். மேடையில் மைக் பிடித்து நான் சொன்ன விதிகள்தான் எல்லாம். லைசென்சை வாங்கி டிராயரில் போட்டார். அது குறைந்தது ஆறு மாசத்துக்கு வராது என்றார். வண்டியும் இருந்த இடத்திலேயே நிற்கட்டும் என்றார்.

வெளித் தாழ்வாரத்தில் பூவப்பா தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏன்டா உன்னுதுன்னு சொன்ன?”

“வாயில வந்துருச்சு. பத்தொம்பது வருசம் சொன்ன வாய், உடனே மாறுமா?” நகக்கண்ணைத் தேய்த்தான். “எனக்காகத்தான் ஓடி வந்தியாக்கும்?”

“உனக்காகத்தான்.”

“நாலு மாசத்துல ஒரு போன் பண்ணின ஜவரண்ணா. அதுவும் கல்லுக்கு.”

தப்புப் பண்ணிட்டேன்டா என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான். உள்ளே கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவன் இல்லை. ரோட்டில் மழை மட்டும் இருந்தது.

வண்டியருகே போனபோதுதான் பார்த்தேன். அவசரத்தில் நான் ஏற்றத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தேன். ஆனால் பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தது. வண்டிக்குப் பத்தடி பின்னால், பிளாஸ்டிக் உறை பிரித்து, சிவப்பு முக்கோணம் மழையில் நின்றிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டீச்சரின் பெயர் வாரிஜா. கட்டுக்குள் இருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்களா? நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். இடது பக்கமா போனேன். வளைவுல ஹாரன் அடிச்சேன். நாப்பதுக்கு மேல போகல. என் பங்குக்கு எல்லாம் சரியா செஞ்சேன் மாராயா. எனக்கு எதுக்கு இது?”

நான் கொண்டுபோன நேந்திரம் பழச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். “தப்புதாம்மா” என்றேன். பூவப்பாவிடம் சொல்ல வேண்டியது அங்கேதான் வாயிலிருந்து வந்தது.

“பழத்தை வச்சுட்டுப் போங்க. இனிமே எங்க கல் வச்சாலும் என் மூஞ்சி ஞாபகம் வரணும்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனில் வண்டியை விட்டார்கள். ஓனர் வரவில்லை. அரசிகெரேயிலிருந்து ஒரு டிரைவரை அனுப்பினார். நாற்பது வயதிருக்கும், அவனும் தனியாகத்தான் வந்தான். சாவியைக் கொடுத்தேன். என் போர்வை, பை, டிபன் பாக்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். அவன் என் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தனக்கு வாகாகத் திருப்பிக்கொண்டான்.

“கல் இருக்கு” என்றேன். “பார்த்துக் கிளம்பு.”

“அதெல்லாம் அது பாட்டுக்கு உருண்டுரும் அண்ணா.”

“உருளாது. இரு.”

பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். முக்கோணத்தை மடித்து கேபினுக்குள் அவன் காலடியில் போட்டேன். மறுபடி பின்னால் வந்து குனிந்தேன். வண்டி உறுமி ஓரடி முன்னால் நகர்ந்தது. கல்லை இரண்டு கையாலும் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக, கல்லோ கட்டையோ, இப்படி எத்தனை தடவை தூக்கியிருப்பான் என்று எண்ணக்கூட எனக்குத் தெரியவில்லை.

கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் பாடியில் இரண்டு தட்டு தட்டினேன்.

“கல்லு எடுத்தாச்சு, கெளம்பு!”

வண்டி இரண்டாவது கியருக்கு மாறுகிற சத்தம் கேட்டது. கல்லை ஓரத்தில் போட்டுவிட்டு, பூவப்பா போல ஏறிக்கொள்ள நாலடி ஓடினேன். அவன் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. வண்டி வளைவில் திரும்பி மறைந்த பிறகும் சேறு வழிகிற கையோடு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தேன். பூவப்பா கை கழுவிய தொட்டி எதிரேதான் இருந்தது. கழுவப் போகத் தோன்றவில்லை.